பதினொரு மணி வரிசை

ஜனவரி 7, புதன்

காலையில் கழிப்பறைக் கிண்ணத்தில் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. யாரும் தொடவில்லை. குழாயும் ஓடவில்லை. கிணற்றில் வாளி தட்டியதுபோல ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. யன்னலைத் திறந்து பார்த்தேன். வெளியே பெரிய காற்று ஒன்றும் இல்லை. முன்வீட்டுக் கொடிக்கம்பத்தின் கயிறு மட்டும் டக், டக் என்று அடித்தது.

அண்ணியிடம் சொன்னேன். "பழைய வீடு. பைப் ஏதும் பிழையாக்கும்" என்றார்.

மீன் தொழிற்சாலைக்குப் போனால் படகுகள் எல்லாம் துறைக்குள்ளேயே கட்டிக் கிடந்தன. நேற்றைய மீனில் மிச்சம் இருந்ததை வெட்டினோம். என் எதிரில் நின்று முள் எடுக்கும் சொல்வெய்க் என்பவள், பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "எங்கள் கழிப்பறைத் தண்ணீர் ஆடுகிறது. பெரிய புயல் வரப்போகிறது. எங்கோ காற்று அமுக்கினால்தான் அப்படி ஆடும்." எங்கள் வீட்டிலும் ஆடியது என்று சொல்ல நினைத்தேன். சொற்களை வாய்க்குள் அடுக்கி முடிப்பதற்குள் அவர்கள் வேறு கதைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'அமைதி'. எனக்கு நொஸ்க், அவர்களுடைய நோர்வே மொழி, விளங்காது என்று நினைக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை அண்ணாவும் அண்ணியும் நகரத்துக்குப் போகிறார்கள். இந்த ஊரில் பிள்ளை பெற இடமில்லை. வைத்தியசாலை மலைப்பாதைக்கு அங்கால். நாலு கிழமை இருக்கும்போதே போய், வைத்தியசாலைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கச் சொல்லி மருத்துவிச்சி அறிவுறுத்தியிருக்கிறார். வடக்குக் கோடியில் இருக்கும் இந்தப் பின்மார்க்கில் குளிர்காலப் பாதையை நம்ப முடியாதாம். அண்ணிக்கு இது இரண்டாவது பிள்ளை. முதலாவதைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை.

பின்னேரம் சமைக்கும்போது வானொலியில் பாதைச் செய்தி கேட்டேன். எந்த மலைப்பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று ஒரு பெண் வாசிப்பார். காலநிலை தெரியவேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அவர் வாசித்ததை அவரைப்போலவே சொல்லிப் பார்த்தேன். இன்று ஓர் இடத்திலும் தட்டவில்லை.

ஜனவரி 8, வியாழன்

வேலை இல்லை. மீன் இல்லாவிட்டால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

காலையில் பனி கொட்டியது. மத்தியானம் அது மழையாக மாறி, விழுந்த இடத்திலேயே கட்டியானது. கதவுப் பிடியில் கண்ணாடி பூசியதுபோல இருக்கிறது. குப்பை கொட்டப் போனவள் படியில் இருந்து கீழே மட்டும் சறுக்கிப் போனேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். முன்வீட்டு ஒட்வார் பார்த்துவிட்டார். அவர்தான் மலைப்பாதையில் பனி தள்ளும் லொறி ஓட்டுகிறவர். கையை உயர்த்தினார். நான் குனிந்துகொண்டேன். லொறியின் இயந்திரத்தைச் சூடாக வைக்கும் வயரை அவர் சுவரில் செருகிக்கொண்டிருந்தார். அதைச் செருகினால் அன்று அவருக்குத் தூக்கம் இல்லை என்று அர்த்தம்.

அண்ணி பையை அடுக்கினார். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கினார். அதில் பிள்ளைக்கென்று ஒரு துண்டுத் துணிகூட இல்லை. பிறக்கமுதல் வாங்கக்கூடாது. முதல் பிள்ளைக்கு முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்களாம். மருத்துவிச்சி ஒரு சின்னக் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தபோது அண்ணி அதை என்னிடம் தந்து, "உன்ர பெட்டிக்குள்ள வை. எனக்குக் காட்டாத" என்றார். என் பெட்டியில் இருக்கிறது. மஞ்சள் நிறம்.

காற்று கூடினால் மலைப்பாதையில் தனியாகக் கார் விடமாட்டார்கள். அடிவாரத்தில் ஒரு தடைக்கம்பம் இருக்கிறது. அங்கே எல்லோரும் காத்திருக்கவேண்டும். பனி தள்ளும் லொறி முன்னால் போகும், கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் பின்னால் போகவேண்டும். நிற்கக்கூடாது, திரும்பக்கூடாது, முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கைத் தவறவிடக்கூடாது. நொஸ்கில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது. நாங்கள் வீட்டில் 'வரிசை' என்கிறோம். காற்று இன்னும் கூடினால் வரிசையும் இல்லை.

நாளை வரிசை பதினொரு மணிக்கு.

ஜனவரி 9, வெள்ளி

அவர்கள் போகவில்லை.

ஒன்பது மணிக்கே அண்ணி சப்பாத்து மாட்டிக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். குனிந்து மாட்ட முடியாது, நான்தான் மாட்டிவிட்டேன். பை வாசலில் இருந்தது. அண்ணா காரைச் சூடாக்கிவிட்டு உள்ளே வந்து சுவரில் கிடந்த கலண்டரைப் பார்த்தார். ஒஸ்லோவில் தமிழ்க்கடைக்காரர் வருடத்துக்கு ஒருமுறை அனுப்பும் கலண்டர்.

"பத்தரை தொடக்கம் பன்னிரண்டு மட்டும் ராகுகாலம்" என்றார். "பன்னிரண்டுக்குப் பிறகு வெளிக்கிடுவம்."

கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் குகதாஸ் அண்ணை பையைத் தூக்க வந்து நின்றார். அவரும் தொழிற்சாலையில்தான் வேலை. இன்னும் கலியாணம் கட்டவில்லை, ஆனால் எல்லா வீட்டு விசயத்திலும் கருத்துச் சொல்வார்.

"நேசன், உதென்ன கதை? ராகுகாலம் சூரியன் எழும்புறதில இருந்துதானே கணக்கு. இஞ்ச சூரியன் கார்த்திகையில போனது, இன்னும் வரேல்ல. ராகு பாவம், எங்க நிண்டு எதை விழுங்கிறது?"

"கலண்டரில போட்டிருக்கு அண்ணை."

"அது யாழ்ப்பாணத்து மணி. ஐஞ்சு மணித்தியாலத்தைக் கழியும். இஞ்சத்தைய நேரத்துக்கு ராகுகாலம் விடியவெள்ளனவே முடிஞ்சுது. நீர் நித்திரையில இருக்கேக்குள்ள வந்து போட்டுது. வெளிக்கிடும்."

அண்ணா சிரிக்கவில்லை. "கலண்டர் இஞ்ச தொங்குது. இஞ்சத்தைய மணிதான்."

"அப்ப ஒட்வாருக்கு ரெலிபோன் அடிச்சுச் சொல்லும், ராகுகாலத்தில லொறி ஓடாதையெண்டு. அவனும் கொஞ்சம் படுத்தெழும்புவான்."

"அண்ணை, பகிடிய விடுங்கோ." அண்ணாவின் குரல் இறங்கியது. "முதல் பிள்ளைக்கு ஒண்டும் பாக்காமல் வெளிக்கிட்டு என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியாது."

குகதாஸ் அண்ணை பையைக் கீழே வைத்தார். அண்ணி அண்ணாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்ததுபோல இருந்தது. பிறகு, "சப்பாத்தைக் கழட்டிவிடு சுகி, கால் வீங்குது" என்றார்.

பன்னிரண்டடித்து வெளிக்கிட்டார்கள். போன சுருக்கிலேயே திரும்பி வந்தார்கள். தடைக்கம்பம் இறங்கியிருந்ததாம். பதினொரு மணி வரிசைதான் கடைசியாம். அதற்குப் பிறகு பாதையை முழுதாக மூடிவிட்டார்கள்.

அண்ணி உள்ளே வந்து திரும்பவும் கதிரையில் இருந்தார். அண்ணா வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இயந்திரத்தையும் நிறுத்தாமல், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி இருந்தார். கண்ணாடி முழுக்கப் பனி மூடும்வரை அப்படியே இருந்தார்.

ஜனவரி 10, சனி

இதைக் காற்று என்று சொல்ல முடியாது. வீட்டைப் பிடித்து யாரோ உலுக்குகிறார்கள். படகுக் கொட்டகையின் கூரைத்தகரம் ஒன்று பாதைக்குக் குறுக்காகப் பறந்து போனது. கடலைக் காணவில்லை, அதன் உப்பு மட்டும் யன்னலில் வந்து பனியோடு சேர்ந்து கட்டியாகிறது. உள்ளே இருந்து துவாயால் துடைத்தால் துவாய் ஒட்டிக்கொள்கிறது.

மத்தியானத்துக்கு முன்னால் மின்சாரம் போனது. விறகடுப்பை மூட்டினோம். எல்லோரும் ஒரே அறையில். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எழுந்து யன்னலுக்குப் போகிறேன், ஒன்றும் தெரியவில்லை, திரும்பி வருகிறேன், திரும்பப் போகிறேன். "பிள்ளை, ஒரு இடத்தில இரு. நீயும் காத்தும் சேந்து எனக்குத் தலை சுத்துது" என்றார் அண்ணா. அவரும் இருக்கவில்லை. மெழுகுதிரியை எடுத்து ஒரு மேசையில் இருந்து மற்ற மேசைக்கு வைத்துக்கொண்டிருந்தார்.

மின்கலத்தில் வானொலி போட்டோம்.

"என்ன சொல்லுறாள்?" என்று அண்ணா கேட்டார்.

"மூடி எண்டுறாள்" என்றார் குகதாஸ் அண்ணை.

அவள் அதைவிட நிறையச் சொன்னாள். செவ்வாய் வரை காற்றுக் குறையாது. விமானம் இல்லை. கப்பல் இல்லை. உயிராபத்து என்றால் மட்டும் அவசர வண்டிக்கு முன்னால் பனி லொறி போகும், அதையும் வைத்தியர் கேட்கவேண்டும். நான் அடுப்புக்கு விறகு வைத்தேன். குகதாஸ் அண்ணை சொன்னது பிழை இல்லைத்தானே.

ஒன்று எழுத மறந்துவிட்டேன். பாத்திரம் கழுவும்போது அண்ணி என் காதுக்குள் சொன்னார்: "உள்ளுக்கு ஒரு மாதிரி இழுக்குது. அண்ணாட்டச் சொல்லாத."

ஜனவரி 11, ஞாயிறு

காற்று. அண்ணி படுக்கவில்லை. நானும்.

ஜனவரி 12, திங்கள்

வைத்தியசாலை. அண்ணியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிகிறது. ஒரு தாதி இந்தத் தாள்களையும் பேனையையும் தந்தார். அண்ணாவின் கையுறைகள் என் மடியில் இருக்கின்றன. இன்னும் ஈரம்.

ஜனவரி 13, செவ்வாய்

பெண் பிள்ளை. வயிற்றை வெட்டி எடுத்தார்கள். நேற்று சிவப்பு விளக்கு அணைந்தபோது எழும்பிக் கதவடிக்குப் போனேன். பிறகு உள்ளே இருந்து அழுகைச் சத்தம் கேட்டது, பூனை மாதிரி. அண்ணிக்கு இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். கண் திறந்து என்னைப் பார்த்தார். "அழுததே?" என்றார். "ஓம், இன்னும் அழுகிறா" என்றேன். திரும்பவும் தூங்கிவிட்டார்.

நேற்று நடந்ததை எழுதவேண்டும்.

காலையில் அண்ணி என்னைக் குளியலறைக்குக் கூப்பிட்டார். மெழுகுதிரியைக் கீழே பிடித்துத் துவாயைக் காட்டினார். ஒரு துவாய் அல்ல. இன்னொன்றும் வாளிக்குள் கிடந்தது. கிண்ணத்தில் தண்ணீர் ஆடிக்கொண்டே இருந்தது. "அண்ணாட்டச் சொல்லாத" என்றார் திரும்பவும். "பயப்பிடுவார். முதல் தரமும் இப்பிடித்தான் துவங்கினது."

வெளியே வந்தால் அண்ணா வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார். வயிற்றில் நோ, கொஞ்சம் வலி இருக்கிறது என்று மட்டும் அண்ணி அவருக்குச் சொல்லியிருந்தார். தொலைபேசியில் கதைக்கும்போது அண்ணா எழும்பி நேராக நிற்பார், அரசாங்கக் கந்தோர் வாசலில் நிற்பதுபோல. சேட்டின் மேல் பொத்தானையும் பூட்டிவிடுவார். அந்தப் பக்கத்தில் ஓர் ஆண் வைத்தியர். குரல் பெரிய குரல், குசினி வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

நோ எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்தியர் கேட்டார்.

"யா, யா" என்றார் அண்ணா.

தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டதா என்று கேட்டார்.

"எல்லாம் நல்லம்" என்றார் அண்ணா நொஸ்கில். "மிக்க நன்றி."

இரத்தம் போகிறதா என்று கேட்டார்.

"நல்லம், நல்லம். நன்றி."

அண்ணா பொய் சொல்லவில்லை. பெரிய ஆட்கள் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லம் என்று சொல்வதுதான் எங்களுக்குப் பழக்கம். தொழிற்சாலையில் கை வெட்டுப்பட்ட அன்றைக்கும் மேலாளருக்கு அவர் அதைத்தான் சொன்னார். இரத்தம் என்ற சொல் அவருக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு வேகமான கதைக்கு நடுவில் அது அவருடைய காதில் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் அவருக்கு விசயம் தெரியாது.

அப்படியானால் காற்றுக் குறையும்வரை வீட்டிலேயே இருங்கள், நாளைக்குத் திரும்ப எடுங்கள் என்றார் வைத்தியர். அண்ணா தொலைபேசியின் வாயைக் கையால் மூடிக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்து, "பயமில்லையாம். பொறுக்கட்டாம்" என்றார். அவருடைய முகத்தில் அவ்வளவு சந்தோசம். குகதாஸ் அண்ணை, "பாத்தீரே, நான் சொன்னனான்" என்றார். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அண்ணா தொலைபேசியை வைக்கப் போனார்.

அண்ணாவின் கையில் இருந்து நான் எதையும் பறித்ததில்லை. அவருக்கு முன்னால் கதிரையில் கால் மடித்து இருந்ததும் இல்லை. பறித்தேன் என்று எழுத எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. வாங்கினேன். அவர் விடவில்லை. கொஞ்சம் இழுத்தேன்.

வைக்காதீர்கள் என்று நொஸ்கில் சொன்னேன். என் குரல் எனக்கே தெரியவில்லை. எனக்கு நொஸ்கில் வேறு குரல் இல்லை. பாதைச் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில்தான் வந்தது, நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டு. இரத்தம் போகிறது என்றேன். காலை தொடக்கம். இரண்டு துவாய் நனைந்துவிட்டது. கடும் சிவப்பு. முப்பத்தாறாவது கிழமை. முதல் பிள்ளை இப்படித்தான் இறந்தது.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு வைத்தியரின் குரல் மாறியது. மெதுவாகக் கேட்டார், நான் மெதுவாகச் சொன்னேன். அண்ணியைச் சரிந்து படுக்க வைக்கச் சொன்னார். வாசல் கதவைத் தாழ் போடாமல் வைக்கச் சொன்னார். பனி லொறிக்குத் தான் சொல்வதாகச் சொன்னார். நீ யார் என்று கேட்டார். தங்கச்சி என்றேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணா என்னைப் பார்க்கவில்லை. குளியலறை வாசலில் நின்று வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கேன் சொல்லேல்ல?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. நான் அண்ணியைச் சரிந்து படுக்க வைத்தேன்.

ஒட்வாரின் லொறி முன்வீட்டில் உறுமத் தொடங்கியது. அவர் அந்த வயரைக் கழற்றாமல் மூன்று நாளும் சூட்டிலேயே வைத்திருந்திருக்கிறார். அவசர வண்டி வந்தது. அதில் மாரித் என்ற பெண். அண்ணியை ஏற்றிவிட்டு, ஒருவர் மட்டும் கூட வரலாம் என்றாள். அண்ணா படியில் ஒரு காலை வைத்தார். மாரித் அவரிடம் ஏதோ கேட்டாள். காற்றில் எனக்கே கேட்கவில்லை. அண்ணா "யா" என்று தொடங்கினார். நிறுத்தினார். காலைக் கீழே எடுத்தார்.

"நீ ஏறு" என்றார்.

தன் கையுறைகளைக் கழற்றி எனக்குத் தந்தார். அந்தக் காற்றில் வெறும் கையோடு நின்றார். கதவு பூட்டும்வரை பார்த்தேன், கைகளை அவர் பொக்கெற்றுக்குள் போடவில்லை.

மலையில் ஒன்றும் இல்லை. வெள்ளைதான். லொறியின் பின்விளக்கு தெரியும், பிறகு தெரியாது. தெரியாதபோது நின்றுவிடுவோம். பாதையோரம் நட்டிருக்கும் கம்பு ஒன்று தெரியும்வரை நிற்போம். ஒட்வாரின் குரல் வண்டியின் வானொலியில் வரும், 'வா' என்று. திரும்ப ஊர்வோம். மாரித் அண்ணிக்கு ஊசி ஏற்றிக்கொண்டே கேள்வி கேட்டாள். நான் இரு பக்கமும் சொன்னேன். இடையில் ஒருமுறை, நீ வானொலியில் வேலை செய்கிறாயா என்று கேட்டாள். இல்லை, மீன் வெட்டுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். நொஸ்க் பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறந்தபோதும் சிரித்தார்கள். அதனால்தான் அங்கே போகாமல் நின்றேன். இந்தச் சிரிப்புக்கு ஓடவேண்டும்போல இருக்கவில்லை. ஓடவும் இடமில்லை.

லொறி நின்ற ஓரிடத்தில் அண்ணி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"அண்டைக்கும் பாத்தவர்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"சாவகச்சேரியில. அண்டைக்கு நேரம் பாக்காமல் வெளிக்கிட்டதெண்டு உன்ர அண்ணா நினைச்சுக்கொண்டிருக்கிறார். பாத்தவர். நல்ல நேரம் வரட்டுமெண்டு விடியுமட்டும் வச்சிருந்தவர். விடிய ஆமிக்காரர் பாதைய மூடிப்போட்டாங்கள்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அவருக்கு அது மறந்து போச்சு. மறந்ததாலதான் மனிசன் நடமாடுது. நீ சொல்லிப் போடாத."

'வா' என்றார் ஒட்வார். வண்டி ஊர்ந்தது.

ஜனவரி 14, புதன்

பொங்கல். வைத்தியசாலையில் பால்சோறு மாதிரி ஒன்று தந்தார்கள், மேலே கறுவாத்தூள். அண்ணி இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

அண்ணா தொலைபேசி எடுத்தார். பாதை இன்னும் மூடித்தான். "பிள்ளை ஆரின்ர சாயல்?" "அண்ணிக்குக் காய்ச்சல் இருக்கோ?" "நீ சாப்பிட்டியோ?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு கேட்டார்:

"நீ உவ்வளவு நொஸ்க் எங்க படிச்சனி?"

"ரேடியோவில."

"ம்" என்றார். பின்னால் குகதாஸ் அண்ணையின் குரல் கேட்டது: "கேளும், சம்பளம் என்ன கேக்கிறா எண்டு கேளும்."

ஜனவரி 17, சனி

பாதை திறந்துவிட்டது. அண்ணா வந்தார். பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார், விறகு வாங்குவதுபோல. அண்ணி சிரித்து, வயிறு நோக, அழுதார்.

என் பெட்டியில் இருந்த மஞ்சள் தொப்பியையும் அண்ணாவே கொண்டுவந்திருந்தார். எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

வைத்தியர் வந்து அண்ணிக்கு இனி என்னென்ன பார்க்கவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். அதே பெரிய குரல். அண்ணா எழும்பி நேராக நின்று மேல் பொத்தானைத் தொட்டார். "யா" என்றார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் கதிரையை இழுத்து முன்னால் போட்டு அதில் இருந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

அண்ணா காலையில் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை எங்களை ஏற்ற வருவார். மத்தியானம் திரும்பவும் காற்று. கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். இங்கே தண்ணீர் ஆடவில்லை. புதுக் கட்டடம்.

ஜனவரி 21, புதன்

சூரியன் வந்தது. மலைக்கு மேல் ஒரு விளிம்பு மட்டும், பிறகு போய்விட்டது. தாதிகள் எல்லோரும் யன்னலுக்கு ஓடினார்கள். பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன். தூங்கிக்கொண்டிருந்தா.

குகதாஸ் அண்ணை தொலைபேசியில் சொன்னார்: "சூரியன் வந்திட்டுதாம். இனி ராகுவுக்கு வேலை வந்திட்டுது. உன்ர கொண்ணரிட்டச் சொல்லாத, மனிசன் கலண்டரோட காரில ஏறும்."

ஜனவரி 23, வெள்ளி

அண்ணா நேற்றுப் பின்னேரமே வந்துவிட்டார். காலையில் வெளிக்கிட்டோம். அண்ணி முன் இருக்கையைச் சரித்துப் படுத்திருந்தார். நான் பின்னால், பக்கத்தில் பிள்ளை. மஞ்சள் தொப்பி கண்வரைக்கும் இறங்குகிறது, மேலே தள்ளிவிட்டுக்கொண்டே வந்தேன்.

வெளிக்கிடும்போது வானம் தெளிவாக இருந்தது. மலை அடிவாரத்துக்கு வர, காற்று பனியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனது. தடைக்கம்பம் இறங்கியிருந்தது. ஏழெட்டுக் கார்கள் நின்றன. நாங்கள் கடைசி. வரிசை பதினொரு மணிக்கு என்று பலகையில் விளக்கு எரிந்தது. அடுத்தது இரண்டு மணிக்கு. வானொலிப் பெண், மத்தியானத்துக்குப் பிறகு காற்றுக் கூடும், இரண்டு மணி வரிசை நடக்குமா என்று சொல்ல முடியாது என்றாள். அதை அண்ணாவுக்குச் சொன்னேன்.

இன்றும் வெள்ளிக்கிழமை. அண்ணா கைமணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு காரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். தெற்கே மலைவிளிம்பு சிவந்துகொண்டு வந்தது. அதையும் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கும் இருக்குத்தானே" என்றார். தனக்குத்தானே சொல்வதுபோல. "ஒரு மூண்டு மணித்தியாலம். கடையில தேத்தண்ணி குடிக்கலாம்."

அண்ணி இருக்கையில் இருந்து தலையை உயர்த்தினார். மேலே இருந்த சின்னக் கண்ணாடிக்கூடாக என்னைப் பார்த்தார். வண்டியில் கையை இறுக்கிப் பிடித்தபோது பார்த்த அதே பார்வை.

அண்ணாவின் கை சாவியில் இருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் நிறுத்தவும் இல்லை, முன்னால் எடுக்கவும் இல்லை. பெருவிரல் மட்டும் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது. பிள்ளை விழித்து, அழப்போவதுபோல முகத்தைச் சுருக்கியது.

மஞ்சள் மேலங்கியோடு ஒட்வார் லொறியில் இருந்து இறங்கி ஒவ்வொரு காராகக் கேட்டுக்கொண்டு வந்தார். இந்த வரிசையில் வருகிறீர்களா, அடுத்ததற்கு நிற்கிறீர்களா. எண்ணிக்கை தெரிந்தால்தான் அந்தக் கரையில் சரிபார்க்க முடியும். எங்களிடம் வந்தார். அண்ணாவின் பக்கத்துக் கண்ணாடியில் விரலால் தட்டினார். அண்ணா அதை இறக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் பின்கண்ணாடியை இறக்கினேன். பனி உள்ளே வந்து தொப்பியில் விழுந்தது.

"வருகிறோம்" என்றேன்.